விளையாட்டுக் கணினிக்கு ஏற்ற புரோசசரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: தோட்டப் பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் விளையாட்டுக் கணினி சேர்க்க நினைப்பவருக்கு, கோலாலம்பூரில் இருப்பவருக்கு இல்லாத சில நெருக்கடிகள் உண்டு. வாங்கிய பொருள் பொருந்தவில்லை என்றால் மாலையிலேயே லோயாட் பிளாசா என்ற கணினிக் கடை வளாகத்துக்குப் போய் மாற்றிக்கொண்டு வர இயலாது; ஓரளவு பெரிய கணினிக் கடையைப் பார்க்கவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குச் செல்ல வேண்டும். தகரக் கூரையின் கீழ் உள்ள அறை பிற்பகலில் கொதிக்கும். இடி இடித்தால் மின்சாரம் போகும். இணையத்தில் புரோசசர்களை ஒப்பிட்டுக் காட்டும் காணொளிகள் பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட அறையில், மிக விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டுடன் எடுக்கப்பட்டவை என்பதால், அவற்றின் முடிவுகளை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவருவது சரியாகாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரோசசரை முதலாவதாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எந்தத் திரை, எந்த விளையாட்டு, எந்த கிராபிக்ஸ் கார்டு என்பவை முடிவான பிறகே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கும்போது, நம்மில் பெரும்பாலோருக்கு ஆறு கோர்களும் (புரோசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) 65 வாட் மின்தேவையும் கொண்ட நடுத்தரப் புரோசசர் ஒன்றே போதுமானதாக இருக்கும்.

முதல் படி: புரோசசரின் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள்

திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃபிரேமும் (அசைவை உருவாக்கும் தனித்தனிப் படம்) இரண்டு கைகள் மாறி வருகிறது. எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எங்கே பட்டது, கதாபாத்திரம் அடுத்த நொடியில் எங்கே இருக்கும் என்பவற்றையெல்லாம் புரோசசர் கணக்கிட்டு, எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகளைத் தயார் செய்து கொடுக்கிறது. அந்தக் கட்டளைகளின்படி ஒளியும் நிழலும் சேர்த்து வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. செம்பனை ஆலைக்குப் பழக்குலைகளைக் கொண்டுவரும் லாரிகள் மெதுவாக வந்தால் ஆலை சும்மா நிற்கும். லாரிகள் வேகமாக வந்து ஆலை சிறியதாக இருந்தால் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். இங்கே புரோசசர்தான் லாரி, கிராபிக்ஸ் கார்டுதான் ஆலை.

நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமையும் முடிக்க 16.7 மில்லி நொடி அவகாசம் இருக்கிறது. 144 ஃபிரேம் வேண்டுமானால் அது ஏறத்தாழ 6.9 மில்லி நொடியாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே எத்தனை ஃபிரேம் வேண்டும் என்பதே புரோசசர் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. திரையின் துல்லியத்தை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையை, 1080பியிலிருந்து 1440பிக்கோ 4கேவுக்கோ உயர்த்தினால் சுமை கூடுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான். புரோசசரின் வேலை அதிகம் மாறுவதில்லை. பெரிய திரை வாங்குகிறோம் என்பதற்காகப் பெரிய புரோசசரும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை வீணாக்குகிறார்கள்.

ஏற்கெனவே ஒரு கணினி வைத்திருப்பவர்கள் புதிய புரோசசர் தேவையா என்பதை ஒரு ரிங்கிட்டும் செலவழிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். விளையாட்டின் அமைப்புகளில் துல்லியத்தை 1080பியிலிருந்து 720பிக்குக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டு தடுமாறுகிறது என்று பொருள். ஏறாமல் அப்படியே நின்றால் தடை புரோசசரிலோ ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்திலோ இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன எதுவும் இணையத் தாமதத்துக்குப் பொருந்தாது. ஃபைபர் எட்டாத தோட்டப் பகுதிகளில் 4ஜி மோடத்தை வைத்து விளையாடும் பிள்ளைகள், பிங் எனப்படும் அந்தத் தாமதம் 150 மில்லி நொடியைத் தொட்டதும் கணினி மெதுவாகிவிட்டது என்று முறையிடுவதுண்டு. சிங்கப்பூரில் இருக்கும் சர்வருக்குச் செல்லும் தாமதத்தை எந்தப் புரோசசராலும் குறைக்க முடியாது.

இரண்டாம் படி: திரையையும் விளையாட்டுகளையும் எழுதி வையுங்கள்

வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகளை ஆடுவோர் காட்சித் தரத்தைக் குறைத்து ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டவே விரும்புவார்கள். இவர்களுடைய கணினியில் புரோசசரின் பங்கு பெரிது. அதற்கு மாறாக, சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகளை 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும்) திரையில் நிதானமாக ஆடுவோருக்கு கிராபிக்ஸ் கார்டே எல்லாம். நடுத்தரப் புரோசசரே தாராளமாகப் போதும். நகரம் கட்டும் விளையாட்டுகள், பெரிய படைகளை நகர்த்தும் விளையாட்டுகள், மாட்கள் (ரசிகர்கள் செய்த கூடுதல் சேர்க்கைகள்) குவித்த மைன்கிராஃப்ட் ஆகியவை மூன்றாவது வகை. இவை புரோசசரை உண்மையாகவே கசக்கிப் பிழியும்.

உங்கள் திரை 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மட்டுமே என்றால், 200 ஃபிரேம் தரும் புரோசசரால் உங்கள் கண்ணுக்குக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. அந்தப் பணத்தில் முதலில் திரையை மாற்றுவதே அறிவுடைமை.

மூன்றாம் படி: கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதைப் பாருங்கள்

மொத்தத் தொகையில் கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகவும், புரோசசருக்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கும் ஒதுக்குவது என் வழக்கம். புரோசசரின் விலை கிராபிக்ஸ் கார்டின் விலையை எட்டிப் பிடித்தால் எங்கேயோ கணக்கு தவறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எஸ்பிஎம் முடித்த பிள்ளை "படிப்புக்குத்தான் அப்பா" என்று சொல்லி வாங்கச் சொல்லும் கணினிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், ஏனென்றால் கட்டுரை எழுதுவதற்கும் வரைபடத் தாள் தயாரிப்பதற்கும் இன்றைய எந்தப் புரோசசரும் போதும்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கவே இப்போது வசதி இல்லை என்றால் வேறொரு வழி உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் ஜி என்ற எழுத்தில் முடியும் புரோசசர்களில் ஓரளவு வலுவான கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்திருக்கும். ரைசன் 5 5600ஜி, அதைவிடப் புதிய ரைசன் 5 8600ஜி, 2024இல் வந்த ரைசன் 7 8700ஜி ஆகியவை இந்த வகை. வேலரன்ட், டோட்டா 2 போன்றவற்றைத் தரத்தைக் குறைத்து நன்றாகவே ஆடலாம். இவற்றுக்கு இரண்டு ரேம் குச்சிகள் கட்டாயம். ஒற்றைக் குச்சி போட்டால் உள்ளமைந்த கிராபிக்ஸின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும், ஏனெனில் அதற்கெனத் தனி நினைவகம் இல்லாமல் ரேமையே அது பகிர்ந்துகொள்கிறது. ஆனால் பிற்பாடு கிராபிக்ஸ் கார்டு வாங்கும் திட்டம் உறுதியாக இருந்தால் இதைத் தவிர்ப்பதே மேல். விளையாட்டு வேகத்துக்கு உதவும் எல்3 கேஷ் (புரோசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவகம்) 5600ஜியில் 16 எம்பிதான். சாதாரண ரைசன் 5 5600இல் 32 எம்பி இருக்கிறது.

நான்காம் படி: பெட்டியின் மேல் உள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கடைக்காரர் "ஐ7" என்று சொன்னதும் தலையாட்டுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. ஐ5, ஐ7 என்ற இன்டெல் நிறுவனப் பெயர்கள் அந்தந்தத் தலைமுறைக்குள் உள்ள படிநிலையை மட்டுமே சொல்கின்றன. பத்தாண்டுக்கு முந்தைய நான்கு கோர் ஐ7ஐவிட, 2022 தொடக்கத்தில் வந்த கோர் ஐ3-12100எஃப் விளையாட்டில் தெளிவாக முன்னே நிற்கும். முதலில் பார்க்க வேண்டியது தலைமுறை எண். அதன் பிறகுதான் மற்றவை.

எழுத்துகளும் முக்கியம். இன்டெல் பெயரின் இறுதியில் எஃப் இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தோன்றாது. கே இருந்தால் வேகத்தைக் கையால் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் பெட்டியில் கூலர் (புரோசசரைக் குளிர்விக்கும் கருவி) வராது, மின்தேவையும் அதிகம். ஏஎம்டியில் எக்ஸ் சற்றுக் கூடுதல் வேகத்தைக் குறிக்கிறது. எக்ஸ்3டி என்பது அடுக்காகச் சேர்த்த கூடுதல் கேஷைக் குறிக்கிறது.

கோர்களின் எண்ணிக்கையைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்வதானால், ஆறு. நான்கு கோர்களில் இன்றைய பல விளையாட்டுகள் ஓடினாலும், பின்னணியில் டிஸ்கார்டும் பிரவுசரும் திறந்திருக்கும்போது இடையிடையே திக்கும். எட்டு கோர் நல்லது, ஆனால் கட்டாயமில்லை. 14ஆம் தலைமுறை கோர் ஐ9-14900கேயில் 24 கோர்கள் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் எட்டு மட்டுமே வேகமானவை, மீதி 16 சிறியவை. காணொளி தொகுப்போருக்கு அவை பயன்படும். விளையாடுவோருக்கு அவற்றால் பெரிய ஆதாயம் இல்லை.

கேஷின் கதைதான் சுவையானது. புரோசசர் தனக்கு வேண்டிய தரவை ரேமிலிருந்து எடுத்துவரும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் காத்திருக்கிறது. அதே தரவு தன் உள்ளேயே இருக்கும் கேஷில் கிடைத்தால் அந்தக் காத்திருப்பு பெருமளவு குறைகிறது. விளையாட்டுகள் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தரவுகளை ஓயாமல் தேடுபவை என்பதால், மற்ற வேலைகளைவிட அவற்றுக்கு இது அதிகம் உதவுகிறது. ஏஎம்டி 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டியை வெளியிட்டபோது, கோர்களின் வேகத்தைச் சற்றுக் குறைத்து, எல்3 கேஷை 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக ஆக்கியது. வேகம் குறைந்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் அது தன் மூத்த சகோதரனான 5800எக்ஸை முந்தியது. 2023இல் 7800எக்ஸ்3டியும், 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டியும் அதே வழியில் வந்தன. முன்பு கோர்களின் மேல் ஒட்டப்பட்டிருந்த கூடுதல் கேஷை 9800எக்ஸ்3டியில் கோர்களுக்குக் கீழே மாற்றினார்கள். அதனால் கோர்களின் வெப்பம் கூலருக்கு எளிதாகப் போய்ச் சேர்கிறது. இவ்வளவு புகழ்ந்த பிறகும், 60 ஹெர்ட்ஸ் திரையும் நடுத்தர கிராபிக்ஸ் கார்டும் வைத்திருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோர்களின் வேகத்தைக் குறிக்கும் ஜிகாஹெர்ட்ஸ் எண்ணை வெவ்வேறு தலைமுறைகளுக்கிடையே ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஐந்தாம் படி: சாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அதுதான் நீண்ட காலக் கட்டுப்பாடு

புரோசசரை மாற்றலாம். ஆனால் அது எந்த மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை) உட்காரும், எந்த ரேமை ஏற்கும் என்பதை, புரோசசர் பொருந்தும் இடமான சாக்கெட்டே முடிவு செய்கிறது. இப்போது கடைகளில் நான்கு சாக்கெட்டுகளைப் பார்க்கலாம்.

ஏஎம்4, ரைசன் 2017இல் அறிமுகமானதிலிருந்து வந்துகொண்டிருக்கும் பழைய தளம். டிடிஆர்4 என்ற பழைய வகை ரேமை ஏற்கும். விலை குறைவு. ரைசன் 5 5600 இதில் இன்னும் நல்ல தேர்வு. அதன் தம்பியைப் போலத் தோன்றும் ரைசன் 5 5500இன் கேஷ் 16 எம்பி மட்டுமே, கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐஇ வழியும் 3.0க்கு மேல் போகாது. பெயரில் உள்ள சிறு வித்தியாசத்தைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய பி450 மதர்போர்டில் 5000 வரிசைப் புரோசசரைப் போடுவதானால், முதலில் அதன் பயோஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி விழிக்கவே விழிக்காது. ஈப்போவுக்கு மீண்டும் ஒரு நடை போக நேரும் என்பதால், வாங்கும் இடத்திலேயே இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏஎம்5, 2022 செப்டம்பரில் வந்தது, புதிய வகையான டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். இந்தத் தளத்தை 2027க்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி அறிவித்துள்ளது. இன்று ரைசன் 5 7600ஐயோ, உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத 7500எஃப்ஐயோ வாங்கிவிட்டு, சில ஆண்டுகள் கழித்து அதே மதர்போர்டில் எக்ஸ்3டி புரோசசரைப் பொருத்திக்கொள்ளும் வாய்ப்பு இதில் இருக்கிறது. தவணை தவணையாகச் சேர்த்து வாங்கும் நம் குடும்பங்களுக்கு இது பெரிய அனுகூலம்.

இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டு 12, 13, 14ஆம் தலைமுறைகளை ஏற்கும். மதர்போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. ஆறு கோர் கொண்ட கோர் ஐ5-12400எஃப் இதில் நம்பிக்கையான தேர்வு. 13, 14ஆம் தலைமுறைகளின் அதிக மின்தேவை கொண்ட புரோசசர்களில், தேவைக்கு மீறிய மின்னழுத்தம் காரணமாக நாளடைவில் நிலையின்மை ஏற்படுவதாக 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோடு (புரோசசருக்குள் உள்ள அடிப்படைக் கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டதுடன் உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்த வரிசைகளில் ஐ7, ஐ9 வாங்குவோர் பயோஸைப் புதுப்பித்த பிறகே விளையாடத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பொருளாக அவற்றை வாங்காமல் இருப்பது நல்லது. 12400எஃப்ஐ இந்தச் சிக்கல் தொடவில்லை.

எல்ஜிஏ 1851 சாக்கெட்டு, 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கானது. மின்சிக்கனத்தில் முன்னேற்றம் உண்டு. விளையாட்டு வேகத்தில் எக்ஸ்3டிகளுக்கு ஈடு கொடுக்கவில்லை என்பதால் விளையாட்டுக்காகவே சேர்க்கும் கணினிக்கு இது என் முதல் தேர்வு அல்ல.

ஏஎம்4ஆ ஏஎம்5ஆ என்ற கேள்விக்கு, கொஞ்சக் காலம் முன்பு வரை தயங்காமல் ஏஎம்5 என்று சொல்லியிருப்பேன். 2025 இறுதியில் ரேம் விலை உலகம் முழுவதும் கடுமையாக ஏறியதும் கணக்கு மாறிவிட்டது. கையில் பழைய டிடிஆர்4 ரேம் இருப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு 5600 அல்லது 12400எஃப் பக்கம் போவதே இப்போது சிக்கனம். எல்லாவற்றையும் புதிதாக வாங்குவோர், வாங்கும் வாரத்தில் ரேமையும் மதர்போர்டையும் சேர்த்து மொத்த விலையை ஒப்பிட வேண்டும். புரோசசரின் விலையை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றிவிடும்.

ஆறாம் படி: வெப்பத்தையும் மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள்

ஒரு கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், புரோசசரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக அதனால் முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை பாகை ஏறும் என்பதை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. ஆகவே 24 பாகை அறையில் 75 பாகை காட்டிய புரோசசர், பிற்பகலில் 34 பாகையாக இருக்கும் நம் அறையில் ஏறத்தாழ 85 பாகை காட்டும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றின் எல்லை 95 பாகை, 7800எக்ஸ்3டிக்கு 89 பாகை. எல்லையைத் தொட்டதும் புரோசசர் எரிந்துவிடாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதாவது, பணம் கொடுத்து வாங்கிய வேகத்தை வெயில் எடுத்துக்கொள்கிறது.

65 வாட் புரோசசர்களை நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதல் காரணம். பெட்டியில் உள்ள வாட் எண்ணைக்கூட முழுமையாக நம்ப முடியாது: ஐ5-12400எஃப்இன் அடிப்படை 65 வாட், உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கும். ஐ9-14900கே 253 வாட் வரை போகும். அதைக் குளிரூட்டி இல்லாத லயத்து வீட்டு அறையில் வைப்பது அறைக்குள் ஒரு சிறிய அடுப்பைப் பற்றவைப்பதற்குச் சமம். பெட்டியோடு வரும் சிறிய கூலர் 65 வாட் புரோசசருக்குத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், நான்கு வெப்பக் குழாய்கள் கொண்ட சாதாரண டவர் கூலர் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தினால் சத்தமும் குறையும், வெப்பமும் குறையும். நீர்க் கூலர் இந்த வகைப் புரோசசர்களுக்குத் தேவையில்லை. பம்பு பழுதானால் மாற்றுப் பொருள் கிடைக்கும்வரை கணினியே நின்றுவிடும். செம்மண் சாலையை ஒட்டிய வீடுகளில் தூசு விரைவாகச் சேரும் என்பதால், முன்பக்கம் வலை வடிகட்டி உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கி, மாதம் ஒருமுறை வலையைக் கழற்றித் துடையுங்கள்.

மின்சாரத்துக்கு, பெயர் தெரிந்த நிறுவனத்தின் பவர் சப்ளையைப் போடுங்கள். கேசிங்கோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத பவர் சப்ளையால்தான் பலருடைய மதர்போர்டு போயிருக்கிறது. இடி மழை வருவது தெரிந்தால், சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்குங்கள். மோடத்திலிருந்து வரும் கம்பியையும் மறக்காமல் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

ஏழாம் படி: பழைய பொருள் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் இன்டெலின் நான்காம் முதல் ஏழாம் தலைமுறை வரையிலான புரோசசர்களே இருக்கும். விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும் தொடக்கம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு அம்சங்கள் இயங்க வேண்டும் என்பதால், மலிவு என்று நம்பி வாங்கிய பழைய கணினியில் அந்த விளையாட்டு திறக்காமலே போகலாம்.

தனிப் புரோசசர் வாங்கினால், ஏஎம்4 புரோசசரின் அடியில் உள்ள ஊசிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ஒன்றும் வளைந்திருக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஏஎம்5, இன்டெல் ஆகியவற்றில் ஊசிகள் மதர்போர்டில் இருக்கும் என்பதால் அங்கே பாருங்கள். புதிய பெட்டிப் பொருளுக்கு வழக்கமாக மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு; பெட்டி இல்லாமல் டிரே என்று விற்கப்படுவதற்குக் கூலரும் வராது, உத்தரவாதமும் விற்பவரைப் பொறுத்தது. ஷோப்பியிலோ லசாடாவிலோ வாங்கினால், பொட்டலத்தைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து காணொளியாக எடுத்து வையுங்கள். புரோசசரின் உலோக மூடியில் "மலேசியாவில் தயாரிக்கப்பட்டது" என்ற பொருள்பட அச்சிட்டிருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். இன்டெல் 1972 முதல் பினாங்கில் தொழிற்சாலை நடத்தி வருகிறது, கூலிமிலும் அதற்கு ஆலை உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள்.

எட்டாம் படி: பொருத்திய பிறகு செய்ய வேண்டியது

பயோஸைத் திறந்து, ரேமின் வேகத்துக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ரேம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும். ரேம் குச்சிகள் இரண்டும், நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில், புரோசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் இருக்க வேண்டும். திரையின் கம்பி மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அமைப்பில் திரையின் ஹெர்ட்ஸ் 60இலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, காலையில் அல்லாமல் பிற்பகல் இரண்டு மணி வெயிலில், நீங்கள் அதிகம் ஆடும் விளையாட்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனியுங்கள். 85 பாகைக்குக் கீழ் நின்றால் கவலையில்லை. அதைத் தாண்டினால் கூலரைக் கழற்றி, அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டிருக்கிறதா, வெப்பம் கடத்தும் பேஸ்ட் சீராகப் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். ரசீதையும் பெட்டியையும் மூன்று ஆண்டுகளுக்குத் தூக்கிப் போடாதீர்கள்.